டிஸ்க்குக்கு பாலிஷ் போட்ட மாமா

என் அக்கா புருஷனிடம் எதைக் கொடுத்தாலும் தேய்த்துவிடுவார். தொழில் அப்படி. இளவயதிலிருந்தே கட்டடங்களில் கல் தரைக்கு பாலிஷ் போடுகிறார். மெஷினை வட்டம் வட்டமாகச் சுற்றி, மூலை முடுக்கைக் கையால் தேய்த்து, விரல் ரேகையே அழிந்துவிட்டது. வேலைக்குப் போன ஓர் ஆபீசில் விரல் வைக்கச் சொன்ன மெஷின் இவரை மனுஷனாகவே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் கை சும்மா இருக்காது. கதவுப் பிடி, டம்ளர், மூக்குக்கண்ணாடி எல்லாம் பளபளக்கும். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான்.

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. தெருக்கோடியில் நின்றாலும் காதைப் பிளக்கிற குரல் அது. இப்போது மாமாவைக் கூப்பிட கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள். அவள் குரல் மிச்சம் இருந்த ஒரே இடம் என் கல்யாண டிவிடி. கடைசியில் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடியிருப்பாள். வீடியோ எடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. வேறு காப்பி கிடையாது.

"மாப்ள, அந்தப் பாட்டை ஒரு தடவை கேக்கணும்டா" என்று மாமா நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

என் மகளின் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டேன். நான் வெல்டிங் பட்டறைக்காரன். இரும்பு பேச்சுக் கேட்கும், இந்தப் பெட்டி கேட்காது. படம் வந்தது, ஆனால் விக்கி விக்கி வந்தது. என் மாமனார் ஒரு கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"என்ன மாப்ள, உம் மாமனாரு சிலையாயிட்டாரு?"

"சும்மா இருங்க மாமா."

மற்றதையெல்லாம் மூடினேன். அணைத்துப் போட்டேன். மேலே ஒரு தட்டும் தட்டினேன். உள்ளே கரகரவென்று சத்தம் வந்து, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. அக்கா கரண்டி இல்லாததால் என் முதுகில் தட்டி, 'விடுடா' என்று கையைக் காட்டினாள்.

எனக்கு விட மனசில்லை. டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள் சரியாகக் கேட்காது என்று வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, பழைய மெஷின், நேரா ஓட்டினா திக்கத்தான் செய்யும். முதல்ல மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணிட்டு அப்புறம் ஓட்டுங்க. படிக்கலைன்னா மெல்லிசு துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க. வட்டமா மட்டும் தேய்ச்சிராதீங்க. கீறல் விழுந்தா அந்த இடமே போயிரும்."

திரும்பி வந்தால், மாமா கையில் டிஸ்க். பையில் எப்போதும் வைத்திருக்கும் பாலிஷ் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, வட்டம் வட்டமாக, ரசித்து ரசித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளி ஓரத்துக்குத் தனி கவனிப்பு.

"ஐயோ மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"கீறலா இருந்துச்சு மாப்ள. இப்ப பாரு, மொகம் பாக்கலாம்."

"மொகத்தைப் பாத்துக்கிட்டே உக்காருங்க! பாட்டு எங்க இருக்குன்னு தெரியுமா?"

எனக்கும் அப்போது தெரியாது. மறுபடி போன் போட்டபோது கடைக்காரர்தான் சொன்னார்: டிஸ்க்கை உள்ளேயிருந்து வெளியேதான் படிக்கும், கடைசிப் பகுதி ஓரத்தில் இருக்கும். மாமா அழுத்தித் தேய்த்ததும் அங்கேதான். நான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மாமா தேய்த்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

படிக்காத இடத்தைத் தாண்டிப் போய்க் காப்பி எடுக்கிற ஒரு சாப்ட்வேரைக் கடைக்காரர் சொல்லச் சொல்ல ஏற்றினோம். அது நத்தை மாதிரி ஊர்ந்தது. எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் பச்சைக் கோட்டையே சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பாதி வந்தது. பாட்டு வரவில்லை. அக்கா மைக்கைக் கையில் வாங்குகிறாள், வாயைத் திறக்கிறாள், திரை கறுத்துவிடுகிறது.

வயிற்றெரிச்சலோடு முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். படம் இப்போது திக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் பந்தியில் இருக்க, மாமா மட்டும் மூலையில் குந்திக்கொண்டு தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். எங்கிருந்தோ அக்காவின் குரல் வெடித்தது.

"இங்க வந்தும் தரையத்தான் பாக்கணுமா? எந்திரிங்க! ஆளுங்க சிரிக்கிறாங்க, எந்திரிங்கங்கறேன்ல!"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னொரு தடவை போடு மாப்ள."

போட்டேன். அப்புறமும் போட்டேன். அதை மட்டும் வெட்டி அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது வேலை இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டு அதைப் போட்டுக் கேட்கிறாராம். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்களாம்.

கேட்கட்டும். பாட்டு போனது போனதுதான். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அவர் என் வீட்டுக்கு வந்தால் முதலில் அந்தப் பவுடர் பையை வாங்கி வாசலில் வைத்துவிடுகிறேன்.