கடைசி மனோரஞ்சிதம்

இன்று காலை பெரம்பலூரில் ஒரு நர்சரிக்குப் போனேன்.

அங்கே அவசரப்பட முடியாது. ஈர மண் வாசனையில் அரை மணி நேரம் சுற்றி, நாலைந்து இலைகளைக் கசக்கி முகர்ந்து பார்த்து, கடைசியாக மிச்சமிருந்த ஒரே மனோரஞ்சிதச் செடியை எடுத்துக்கொண்டேன்.

பணம் கொடுக்கும்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். "மனோரஞ்சிதம் இருக்குங்களா? அரியலூர்லேருந்து வரேன்."

"கடைசிச் செடிய இவங்க எடுத்துட்டாங்க சார்" என்றார் நர்சரிக்கார அக்கா.

அவர் என் கையிலிருந்த செடியை மட்டும் ஒரு தடவை பார்த்தார். நான்தான் "வீட்டுக்குங்களா?" என்றேன்.

"ஆமாங்க. ரிட்டையர் ஆயிட்டேன், குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டோம். வூட்டுக்காரம்மா அங்க வச்ச செடி பெருசா படர்ந்துடுச்சு, புடுங்கிட்டு வர முடியல. ரெண்டு நாளா சரியா பேசவே மாட்டேங்குது."

செடியை அவரிடம் கொடுத்தேன். தியாகமெல்லாம் இல்லை. என் கையில் ஏற்கெனவே மூன்று மனோரஞ்சிதம் பட்டுப்போயிருக்கிறது.

பஸ்ஸில் இலை ஒடியாமலிருக்க, தோளில் கிடந்த துண்டைச் செடியைச் சுற்றிக் கட்டினார்.

"பூத்ததும் போட்டோ அனுப்புறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் நம்பரைக் கேட்கவே இல்லை.

நான் இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, பெயர் தெரியாத இன்னொன்றோடு வீடு திரும்பினேன்.

வாங்கப் போன செடியை மட்டும் வாங்கிக்கொண்டு நர்சரியிலிருந்து வெளியே வந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?