என் காதில் விழுந்த ‘தேருணா’

இராணுவ அகாடமி வேண்டாமென்று திருப்பி அனுப்பிய என் மகளுக்கு மைக்கில் வாழ்த்துச் சொல்லி, மேளம் அடிக்க வைத்து, பொன்னாடையும் போர்த்த வைத்த மடையன் நான்தான். இதையே வேறு ஒருவன் செய்திருந்தால் நமுனுகுல மலை முழுக்கப் போய் அவனைப் போலவே நடித்துக் காட்டியிருப்பேன். நானே செய்துவிட்டதால் நடித்துக் காட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

என் தொழிலே சத்தம்தான். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது நான். என்னிடம் ஓர் ஆட்டோ இருக்கிறது. அதில் ஆட்கள் ஏறுவதைவிட ஸ்பீக்கர் பெட்டிகள் ஏறுவதுதான் அதிகம். கட்டிய ஸ்பீக்கரில் யாராவது பேச வேண்டுமல்லவா, அதையும் நானே பார்த்துக்கொள்வேன். நன்கொடை கொடுத்தவர் பெயரை வாசிக்கும்போது நடுவில் ஒரு ஜோக் விடுவேன். சனம் சிரிக்கும். சனம் சிரித்தால் எனக்கு வாய் இன்னும் கொஞ்சம் நீளும். இந்த வாய்க்குத்தான் கடைசியில் ஒரு மைக்கும் கிடைத்துவிட்டது.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, ஆமியில் ஆபீசராகப் போகிறேன் என்றாள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை. ஜோக் அடிக்கிற குணம் எனக்குப் பிறகு வீட்டில் யாருக்கோ வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அங்கல்லாம் விடியிறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுருவாங்க தெரியுமா” என்றேன்.

“அம்மா தெனமும் அதுக்கு முன்னாடி எந்திரிச்சுத்தான் கொழுந்து பறிக்கப் போறாங்க. அவங்கள யாரும் ஆபீசர்னு கூப்பிடுறதில்லயே” என்றாள்.

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்த சத்தம் கேட்டது. என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகிறது.

மகள் எழுத்துப் பரீட்சையில் தேறினாள். நேர்முகத்துக்குப் போனாள். ஓடச் சொன்னார்களாம், ஓடினாளாம். வந்து கால் வலிக்கிறது என்றாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு காத்திருப்பு. பதுளை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டே, முடிவு என்ன ஆயிற்று என்று ஆமி அலுவலகத்துக்கு அடிக்கடி போன் எடுத்துக் கேட்பாள். வகுப்பில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதால், திருப்பி அழைப்பதென்றால் அப்பாவுக்கு அழைக்கும்படி என் நம்பரைக் கொடுத்திருந்தாள். அவள் செய்த ஒரே தப்பு அது.

அழைப்பு வந்தது எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா அன்று. நான் யூக்கலிப்டஸ் மரத்தில் ஏணி போட்டு, மேலே ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே மேளக்காரர்கள் தோலைச் சூடுபண்ணி, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“துவகே தாத்தாத?” என்று ஒரு குரல் கேட்டது. மகளுடைய அப்பாவா என்று கேட்கிறார். குரலிலேயே யூனிபார்ம் தெரிந்தது. ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி ஏணியிலேயே விறைப்பாக நின்று, “ஒவ் சேர், ஒவ்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் நீளமாக எதையோ சொன்னார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் என் சிங்களம் பண்டாரவளை மரக்கறிச் சந்தையிலும் பஸ் படியிலும் பொறுக்கியது. விலை கேட்கும், எடை கேட்கும், தேவைப்பட்டால் நன்றாகச் சண்டையும் போடும். கந்தோர்ச் சிங்களத்தை, அதாவது ஆபீஸ் சிங்களத்தை, அது அதுவரை நேருக்கு நேர் சந்தித்ததில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே மூன்று சொற்கள்தான் என் காதில் உருப்படியாக விழுந்தன. துவ, மகள். தேருணே, தெரிவானது. உத்சாஹ, இதற்கு அர்த்தம் வேறு சொல்ல வேண்டுமா, நம் உற்சாகம்தானே. மகள் தெரிவாகிவிட்டாள், உற்சாகமாக இருங்கள். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வந்தது.

கடைசியில் அவர், “தேருணாத?” என்று கேட்டார்.

“தேருணா சேர், தேருணா. போஹொம ஸ்துதி” என்று கத்தினேன்.

அவர், நல்ல அப்பா என்கிற மாதிரி மெதுவாக ஒன்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனைவியிடம் ஓடினேன். அவள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.

“அவ வரட்டும். மொதல்ல அவகிட்ட சொல்லுவோம். ஊருக்கு அப்புறம் சொல்லிக்கலாங்க.”

“ஆமா, ஆமா” என்றேன். அந்த ஆமாவை மனதில் வைத்துக்கொண்டுதான் மைக்கைத் தொட்டேன். அரிசி மூட்டை கொடுத்தவர் பெயரை வாசித்தேன். எண்ணெய் டின் கொடுத்தவர் பெயரை வாசித்தேன். மூன்றாவது பெயருக்கு வாய் போகவில்லை, மகள் ஆபீசராகிவிட்ட செய்திக்குப் போய்விட்டது.

தோட்டத்துத் தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அன்றைக்கு வரவிருந்த பிரமுகர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அவருக்காக வாங்கிய பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. “நம்ம புள்ளைக்கே போடுவோம்” என்றார் தலைவர். பின்னேர பஸ் வரும் நேரத்துக்கு மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, ஆட்டோவில் மைக்கையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் சந்திக்குப் போனோம்.

மகள் வகுப்புப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மேளத்தையும் கூட்டத்தையும் பார்த்தவள், தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் இறங்குகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாள். பின்னால் யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. தலைவர் பொன்னாடையை அவள் தோளில் போட்டார். தோட்டத்தின் முதல் பெண் ஆபீசர் என்று நான் மைக்கில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “நெசமாவாப்பா?” என்று கேட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அதுவும் மலை முழுக்கக் கேட்டது.

“நெசமாத்தான்” என்றேன். அதுவும் கேட்டது.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஆட்கள். அந்தப் போன் அழைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், நானும் டீ கொடுத்துத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினேன். ஆபீசருக்குத் தொண்டையை இறுக்கிக்கொண்டு ஒரு குரல், எனக்கு ஏணியில் தொங்கிக்கொண்டு ஒரு குரல். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றாள்.

“அப்பா, அத இன்னொரு தடவ சொல்லுங்க.”

ரசிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் மெருகு ஏற்றிச் சொன்னேன்.

“கூட்டிச் சொல்லாதீங்க. அவர் என்ன சொன்னாரோ அத மட்டும் சொல்லுங்க. தேருணேக்கு அப்புறம் என்ன வந்துச்சு?”

“என்னமோ நே, நான்னு இழுத்தாரு. மேளம் அடிச்சாங்கல்ல.”

“உத்சாஹவுக்கு முன்னாடி?”

“ஆயெத்னு ஒன்னு.”

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, சிக்னல் கிடைக்கும் கல்லின் மேல் ஏறி நின்று பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த சிங்களம். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் “ஸ்துதி சேர்” என்றாள். திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

“தேருணே நே. தெரிவாகலன்னு சொல்லியிருக்காரு. ‘ஆயெத் உத்சாஹ கரன்ன’ன்னா திரும்ப முயற்சி பண்ணச் சொல்லுன்னு அர்த்தம். உற்சாகம் இல்லப்பா.”

“அப்ப தேருணாதன்னு கேட்டாரே?”

“புரிஞ்சுதான்னு கேட்டாரு.”

புரிந்தது சேர், புரிந்தது, ரொம்ப நன்றி என்று ஏணியில் நின்று கத்தியிருக்கிறேன். மகள் தோற்ற செய்தியை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்ட தகப்பனை அந்த மனிதர் தன் சேவைக் காலத்தில் கண்டிருக்க மாட்டார். வாசலில் இருந்தவர்கள் டீயைப் பார்த்தார்கள். ஒரு மாமா, “டீ நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் அதையே சொல்லிவிட்டு எழுந்தார்கள். மகள் உள்ளே போய்ப் பொன்னாடையை மடித்து அலமாரிக்கு மேல் வைத்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கில்லை.

அதிலிருந்து நான் தோட்டத்து நேர் பாதையை விட்டுவிட்டேன். குறுக்குப் பாதையில் ஆட்டோவை உருட்டிக்கொண்டு வெளியே போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவேன். தலைவர் எதிரே வந்தால் ஸ்பீக்கர் வயரில் ஏதோ கோளாறு பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். போர்த்தியதைத் திருப்பிக் கொடுத்த வழக்கம் எங்கும் இல்லை. அதையும் நான்தான் தொடங்கி வைக்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

பண்டாரவளையில் நான் வயர் வாங்கும் கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு முதல் செய்தி மட்டும் போயிருந்தது.

“வாங்க, வாங்க, ஆபீசர்ட வாப்பா. மகள் எப்ப போறாங்க?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ட்ரெயினிங் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு நானா” என்று வந்தது. அவர் உள்ளே போய், மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி எடுத்து வந்து, மகளுக்குக் கொடுங்கள் என்று என் கையில் வைத்தார்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் மகள் யார் கொடுத்தது, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் மூடியைத் திறக்கவில்லை.

“அப்பா, நான் அடுத்த தடவயும் விண்ணப்பம் போடப்போறேன். ஓட்டத்துலதான் பின்னுக்குன்னு சொன்னாங்க. வயசு இருக்கு. கிளாஸ முடிச்சிட்டு டவுன்ல ஒரு வேலயப் பாத்துக்கிறேன். காலையில ஓடிப் பழகுறேன்.”

“எங்க ஓடுவ?”

“ரோட்டுலதான். வேற எங்க?”

“இந்த ரோட்டுலயா? பொன்னாடை போட்ட சனம் பூராவும் பாக்குமே.”

“பாக்கட்டும்.”

மறுபடியும் கிடைக்காவிட்டால், மறுபடியும் நான் குறுக்குப் பாதையில் ஆட்டோவைத் தள்ள வேண்டும். அதை அவளிடம் சொல்ல முடியுமா. வேறு விதமாகச் சொன்னேன். “ஆமி எதுக்கு, டீச்சிங் பக்கம் போ. நாங்களே வேணாம்னு விட்டுட்டோம்னு சொல்லிறலாம்.”

“யாருகிட்ட சொல்றதுக்கு?”

நான் மஸ்கட் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நான் ஒரு தடவ தோத்தேன். அது என்னோடது. அதையும் நீங்களே தூக்கிட்டு ஓடி ஒளிஞ்சா நான் என்னத்த வச்சிக்கிட்டுத் திரும்ப ஓடுறது?”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். மனைவி பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். “மொதல்ல இத நானாகிட்ட குடுத்துட்டு, நெசத்தச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

போய்ச் சொன்னேன். மைக் இல்லாமல் ஒரு செய்தி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். நானா முழுவதையும் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்ப என் பக்கமே தள்ளினார். “அதுக்கென்ன, தோத்த புள்ள இனிப்புத் திங்கக் கூடாதா?” என்றார்.

மகள் ஓடத் தொடங்கினாள். வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் பெண்கள் கூடைகளோடு கிளம்புகிற விடியற்காலையில், அதே ரோட்டில். முதல் நாளே நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ரோட்டில் நாய்கள் அதிகம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நாய்கள் பயந்தது என்னவோ உண்மைதான். ஆனால், யாராவது அவளைப் பார்த்துக் கிண்டலாக “ஆபீசரம்மா” என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான் போனேன். எதிரே வருகிறவர்களை ஒவ்வொருவராக முறைத்தேன். வளைவு வரும்போது அவளைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். ரோடு ஒடுக்கம். நான் நிறுத்துகிற இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்து, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, புகைக்குள் இருமிக்கொண்டு ஓடுவாள். “வீட்டுக்குப் போங்கப்பா” என்று இரண்டு தடவை சொன்னாள். நாய் என்றேன்.

மூன்றாவது வளைவில் கொழுந்துக்குப் போகிற ஓர் அக்கா நின்றுகொண்டிருந்தார். பொன்னாடை போட்ட அன்று சந்தியில் குலவை போட்டவர்களில் அவரும் ஒருவர். நான் முறைக்கத் தயாரானேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“புள்ள நல்லாத்தான் ஓடுது தம்பி. நீ குறுக்க நிக்காம ஓரமாப் போ.”