பதினான்காம் எண்ணின் குறிப்புகள்

பயிற்சிக்குக் கொடுக்கும் டேட்டாவில் கொஞ்சம் தப்பு இருக்க வேண்டும். துடைத்து வைத்துக் கொடுத்தால் ஆராய்ச்சி மாணவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். களத்திலிருந்து வந்தபடியே அள்ளிக் கொடுத்தால் முதல் நாள் மதியமே காணாமல் போய்விடுவார்கள். அதனால் பத்துத் தப்பை நீக்கிவிட்டு, அவர்கள் கண்டுபிடிப்பதற்கென்று இரண்டை விட்டுவைப்பேன். எதை நீக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்வதில் எனக்கு ஒரு தனி கர்வமே உண்டு.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வு நிறுவனம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் யார் வேலைக்குப் போகிறார்கள், யார் வேலை தேடுகிறார்கள், யார் வீட்டோடு இருக்கிறார்கள் என்று கள ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, டேப்லெட்டில் பதிந்து அனுப்புவார்கள். அவர்கள் வெயிலில் அலைந்து கொண்டுவருவதை நான் ஏசி அறையில் உட்கார்ந்து குறை சொல்வேன். மரியாதையாகச் சொன்னால், சரிபார்ப்பேன். கறாரான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

போன வருடம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி ஏற்பாடானது. அதற்கு ஃபைல் தயார் செய்யும் பொறுப்பு என்னுடையது. பெயர், கதவு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யாரையும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகத் தெருக்களுக்குப் பதிலாக வெறும் எண்களைப் போட்டேன். மாணவர்கள் கண்டுபிடிப்பதற்குத் தப்பு வேண்டுமே என்று யோசித்தபோது, தேடவே தேவையிருக்கவில்லை. எங்கள் ஆய்வாளர்களுக்கும் ஆளுக்கொரு எண் உண்டு; நேராகப் பதினான்காம் எண் ஆய்வாளரின் பதிவுகளுக்குப் போனேன். முந்தைய சுற்றில் நான் எடுத்த பிழைப் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான்.

இந்தத் தடவை கல்லூரியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஆய்வாளர் தன் சொந்த வார்த்தையில் எழுதும் குறிப்புப் பகுதியையும் சேர்த்துத் தர வேண்டும் என்றார்கள். அதில் யார் பெயராவது இருந்தால் நீக்க வேண்டும். நீக்குவதற்குப் படிக்க வேண்டும். அந்தப் பகுதியை நான் அதுவரை படித்ததே இல்லை.

ஏன் படித்ததில்லை என்பதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. டேப்லெட்டிலிருந்து ஃபைலை இறக்கும்போது தமிழ் எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாக மாறி வரும். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். சரி செய்ய அரை நாள் உட்கார்ந்தால் போதும். நான் உட்காரவில்லை. குறிப்புப் பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து வேலையை முடித்துவிட்டேன்.

இப்போது வேறு வழியில்லாமல் எழுத்துரு கோளாறைச் சரி செய்தேன். கேள்விக்குறிகள் போய்த் தமிழ் வந்தது. பதினான்காம் எண்ணின் முதல் பதிவைத் திறந்தேன்.

"ரப்பர் வாஷரில் பிசிறு வெட்டுகிறார். திருமுடிவாக்கம் கம்பெனிகளிலிருந்து மூட்டையாக வருகிறது. நான் இருந்த முக்கால் மணி நேரமும் கை நிற்கவில்லை. வேலை செய்கிறீர்களா என்றால் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன் என்கிறார்."

அடுத்த வீடு: "கேட்டதற்குச் சிரித்தார். இதெல்லாம் வேலையா என்று என்னையே கேட்டார். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். அவர் சொல்லவில்லை, மூட்டையை வைத்து நான் கணக்குப் போட்டது."

அதற்கடுத்த வீடு: "மாமியார் பக்கத்தில் இருந்ததால் பேசவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். நான்கு மணி நேரம்."

இப்படியே வீடு வீடாகப் போனது. நடுவில் ஒரு பதிவில் ஒரே ஒரு வரி: "சார் சொன்னபடி இங்கே எழுதியுள்ளேன்."

அந்த சார் நான்தான்.

அந்தச் சுற்றுக்கு முன் ஆய்வாளர்களுக்கு எங்கள் மாடியில் ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். கடைசி வரிசையில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதினான்காம் எண், முடிச்சூர் பக்கம். ஊர்க்காரக் குடும்பம், எல்லா வீட்டையும் தெரிந்தவர். எல்லோரும் டீக்குக் கிளம்பும் நேரத்தில் கையைத் தூக்கினார்.

"சார், ஒரு டவுட்டு. வூட்ல சும்மாதான் கீறேன்னு சொல்லுவாங்க. ஆனா வாய் பேசிக்கினே இருக்கும், கை வேலை செஞ்சிக்கினே இருக்கும். அத்த எங்க எழுதறது?"

எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. "அவங்க சொல்றதை அப்படியே போடுங்கம்மா. வீட்டு வேலைன்னா வீட்டு வேலை. நீங்க பார்த்த மணி நேரத்தை மணிக் கட்டத்துல போடுங்க. விவரத்தைக் கடைசியில குறிப்புல எழுதிடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை எழுதிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் டேட்டா வந்தது. வீட்டு வேலை மட்டும் என்று போட்டிருந்தால் மணிக் கட்டம் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழை. இது நான் எழுதிய விதி. டீ நேரத்தில் அவரிடம் சொன்னது எனக்கு அப்போது நினைவிலேயே இல்லை. பதினான்காம் எண்ணில் பக்கம் பக்கமாகச் சிவப்பு விழுந்தது. மற்றவர்களின் பதிவுகள் பளிச்சென்று இருந்தன. அவர்கள் சும்மா இருக்கிறேன் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் அவை அத்தனை பளிச்சென்று இருந்தன என்று எனக்கு உறைக்கவில்லை. பட்டியலோடு இயக்குநருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அதில் ஒரு வரி, வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: பதினான்காம் எண்ணின் பதிவுகளை நம்ப முடியாது.

அடுத்த சுற்றுக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை எனக்கு போன் செய்தார். "சார், லிஸ்ட்ல என் பேர் இல்லியாமே. நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திக்குவேன்" என்றார். எனக்குத் தெரியாதும்மா, ஆபீஸில் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரியாது என்று சொன்னேன்.

குறிப்புகளைப் படித்து முடித்த அன்று என்னால் மதியச் சாப்பாட்டைத் தொட முடியவில்லை. அவமானம் என்றால் நாலு பேர் பார்க்க நடப்பது என்று நினைத்திருந்தேன். அறையில் ஒருவரும் இல்லாதபோதும் முகம் சூடேறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் கேவலம். பயிற்சியில் அந்தப் பதிவுகளையே முக்கியப் பாடமாக்கினேன். மணிக் கட்டத்தைக் காட்டி, இதை நீக்கலாமா என்று கேட்டேன். நீக்கலாம் என்று மாணவர்கள் சொன்னார்கள். அப்புறம் குறிப்புகளைத் திரையில் போட்டேன். "நல்ல ஆய்வாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும். இவரால்தான் இத்தனை பெண்களின் உழைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது" என்று உருகிப் பேசினேன். கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்த இன்வெஸ்டிகேட்டரை நாங்க மீட் பண்ண முடியுமா? இப்பவும் உங்க டீம்லதானே இருக்காங்க?"

"இல்லம்மா, அவங்க வேற நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாங்க" என்றேன். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அந்தக் கைதட்டலோடு என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை. அவருக்கு போன் செய்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று மென்று விழுங்கிக் கேட்டேன். ஒரு வருடமாகச் சரியான வேலை இல்லை, ஒரு துணிக்கடையில் கொஞ்ச நாள் நின்றேன், கால் வீங்கிவிட்டது என்றார். இப்போது வேறொரு நிறுவனத்தின் சர்வேக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். முன்னே வேலை பார்த்த இடத்திலிருந்து வேலை நன்றாக இருந்தது என்று கடிதம் கேட்கிறார்களாம். எங்கள் ஆபீஸில் கேட்டதற்கு, பிழைப் பட்டியலில் பெயர் இருப்பதால் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். "வுடுங்க சார், நான் தப்பா எழுதினதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க" என்றார்.

மறுநாளே இயக்குநரிடம் போய் நின்று, குறிப்புகளை வெட்டி எறிந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு சார். பரவால்ல, என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதிக் கொண்டாங்க, நான் சைன் பண்றேன்" என்றார். அவ்வளவுதான். வழியில் ஒரு தடையும் இல்லை.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். 'சரிபார்ப்பவர் குறிப்புப் பகுதியை நீக்கிவிட்டதால்' என்று தொடங்கினேன். அடித்தேன். 'சரிபார்ப்பில் நேர்ந்த கவனக்குறைவால்' என்று மாற்றினேன். யாருடைய கவனக்குறைவு என்று படிப்பவர்கள் கேட்பார்களே. அதையும் அடித்தேன். கடைசியில் 'மென்பொருள் கோளாறு காரணமாக இவருடைய பதிவுகள் பிழையென்று தவறாகக் குறிக்கப்பட்டன. இவருடைய பணி மிகச் சிறப்பானது' என்று எழுதினேன். அவருக்கு வேலை கிடைக்க இது போதும், உண்மை எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இயக்குநர் படித்துவிட்டு ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் கடிதத்தைக் கொடுத்தேன். அதே துணிப்பை. நின்ற இடத்திலேயே பிரித்து, உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"மெஷினு தப்பா சார்?"

நான் தலையாட்டினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வருசமா நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். நோட்ட எடுத்து எடுத்துப் பாப்பேன். சார் சொன்னபடிதானே எழுதினோம், எங்க தப்பு வந்துச்சின்னு ஒரே பேஜாரா இருக்கும். எங்க வூட்டுக்காரரு, விடுடி, உனக்கு இது வராதுன்னு சொல்லிட்டாரு. இப்ப இத்த காட்டுவேன்."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். "அம்மா..." என்று வாயைக்கூடத் திறந்தேன்.

"இன்னா சார்?"

தாம்பரம் போகிற பஸ் வந்து நின்றது. "ஒண்ணுமில்லம்மா, பஸ் வந்துடுச்சு" என்றேன்.

படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார். கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வகுப்பில் எழுதிய அதே நோட்டு. "நான் பார்த்துக்கறேன்னு அன்னிக்கே சொன்னீங்க இல்ல சார், நாந்தான் மறந்துட்டேன். எவ்ளோ நாளானாலும் மறக்காம பார்த்துக்கினீங்க" என்றார்.

அவருக்கு அந்த வேலை கிடைத்தது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். நான் இன்னும் பதில் போடவில்லை.