சொட்டு நீலம் போட்ட தலை

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் என் தலை செவ்வந்திப்பூ நிறத்தில் இருந்தது. ஜோகுபாளையம் வீட்டுக் குளியலறையில் நானே போட்டுக்கொண்ட ப்ளீச். முதலில் மஞ்சள்தான் வரும், மேலே ஊதா டோனர் தடவினால் மஞ்சள் அடங்கிச் சாம்பல் நிறமாகிவிடும் என்று வீடியோவில் அந்தப் பெண் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! நான் ஆர்டர் போட்ட டோனர் திங்கட்கிழமைதான் வருமாம். நிச்சயதார்த்தம் ஞாயிறு. கறுப்புச் சாயம் பூசலாமென்றால் எனக்கு முகம் வீங்கிவிடும்.

அம்மா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னாள். "இந்தத் தலையோட நீ தட்டு தூக்கக் கூடாது. உங்க அத்தை தூக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் முதல் சீர்த்தட்டை மாப்பிள்ளையின் அக்காதான் எடுத்துப் போக வேண்டும். எனக்கு இருப்பதே ஒரு தம்பி. அத்தையாம் அத்தை! அழுகையே வந்துவிட்டது.

எட்டிப் பார்த்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "மஞ்சளை அடக்க ஊதாவா? அட, இதுக்கா இவ்ளோ கலாட்டா? என் வேட்டிக்கு வாராவாரம் அதைத்தானே பண்றேன்!"

சொட்டு நீலம் பாட்டிலோடு வந்தார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு மக் தண்ணீரில் சில சொட்டு விட்டவர், "நாளைக்கு விசேஷமாச்சே" என்று தாராளமாகச் சாய்த்தார்.

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். தலை துவட்டி வந்த என்னைப் பார்த்து அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "அடிப்பாவி! பாசி புடிச்ச அல்சூர் ஏரியையே தலையில தூக்கிட்டு வந்துட்டியேடி!"

"நான் வரலை. நீங்களே போங்க" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவின் அலறல் கேட்டுத்தான் திறந்தேன். கூடத்தில் அப்பா நின்றிருந்தார். பட்டு வேட்டி, திருநீறு எல்லாம் சரி. நரைத்த தலை மட்டும் முழுக்க ஆகாய நீலம். பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர்!

"என்னங்க இது கோலம்?"

"நல்லாத்தானே இருக்கு?" அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "வேணாம்னா சொல்லு. மாப்பிள்ளைக்கு அப்பனா எங்க அக்கா வீட்டுக்காரரே வந்து உட்காரட்டும்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனும் பொண்ணும் என் மானத்தை வாங்கன்னே பொறந்திருக்கீங்க" என்றபடி முதல் தட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "நேரா பிடிடி, பூ சரியுது."

மல்லேஸ்வரத்தில் பெண் வீட்டு வாசலில் அத்தனை கண்ணும் அப்பாவின் தலைமேல்தான் இருந்தது. தட்டோடு நான் அவர் பக்கத்தில் நடந்தேன்.