டாக்டர் எழுதிக்கொடுத்த முத்தம்

போன வருடம் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில் நடந்தது இது. எனக்கு லப்பைக்குடிக்காடு. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் பலரைப் போல நானும் குவைத்தில் பிழைப்பவன், ஏசி மெக்கானிக். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது விமானம் ஏறியவன், அவளுக்கு மூன்று வயது நடக்கும்போதுதான் திரும்பி வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அவளைப் பொறுத்தவரை அத்தா, அதாவது அப்பா, ஃபோனுக்குள் இருப்பவர். தினமும் வீடியோ காலில் வருவார், கோமாளித்தனம் செய்வார், அவள் திரையில் வாயை வைத்தால் அவரும் முத்தம் கொடுப்பார். வீட்டுக்குள் கைலி கட்டிக்கொண்டு திரிகிற தாடிக்காரன் வேறு யாரோ! நான் தூக்கப் போனால் அலறுவாள். "அத்தா எங்கம்மா?" என்று யாராவது கேட்டால், என்னைத் தாண்டிப் போய் அலமாரி மேலிருக்கும் ஃபோனைக் காட்டுவாள். நான் வாங்கி வந்த பொம்மைகளை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். விவரமான பிள்ளைதான். மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தேன். லீவு வேறு கரைந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மூக்கில் சோளம் புகுந்தது.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மக்காச்சோளம் வாங்கி விற்பவர். அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். வாசலில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பிரியாணியில் கவனமாக இருந்த நேரத்தில், மகள் ஒரு சோளமணியை எடுத்து மூக்குக்குள் செருகிவிட்டாள். ஏன் என்று கேட்காதீர்கள். சோளம் இருந்தது, மூக்கும் இருந்தது, அவ்வளவுதான்.

மச்சான் சும்மா இருப்பாரா? தும்மினால் வந்துவிடும் என்று மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். தும்மல் அவருக்குத்தான் வந்தது. அடுத்து ஹேர்பின்னை எடுத்து நெம்பினார். கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்ததும் உள்ளே போய்விட்டது. பிள்ளை அழ, அதைவிடச் சத்தமாக மனைவி அழ, எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் பறந்தோம்.

அங்கே இருந்தவர் சின்ன வயது பெண் டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார். "சோளந்தான். ஆனா நல்லா உள்ள இருக்கு. பின்னால நழுவி மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிடக் கூடாது, அதான் பயம். ஹேர்பின் போட்டு நோண்டுனது யாருங்க?"

மச்சான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் என் மனைவியிடம், "நீங்க முத்தம் குடுக்கற மாதிரி புள்ள வாயோட வாய வச்சு, அடைப்பில்லாத மூக்கை விரலால மூடிக்கிட்டு, ஒரு ஊது ஊதுங்க" என்றார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது? ஊதறதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்? எங்க பள்ளிவாசல்லயே ஹஜ்ரத் ஓதி ஊதியிருப்பாங்களே! ஒரு ஸ்கேன் எடுங்கம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்க ஓதட்டும், வேணாங்கல. இது வேற ஊதல். நானா கண்டுபிடிச்சதும் இல்ல. நிறைய ஊர்ல நிறைய புள்ளைங்களுக்குச் செஞ்சு பாத்து, யாருக்கு வந்துச்சு, யாருக்கு வரல, யாருக்காவது கெடுதல் ஆச்சான்னு எழுதி வச்சிருக்காங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்துட்டுத்தான் சொல்றோம். வரலேன்னா கருவி போட்டு எடுக்கலாம். அதுலயும் வரலேன்னா திருச்சிக்குக் கொண்டுபோயி மயக்கம் குடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு முத்தம் குடுத்துத்தான் பாருங்களேன்."

ஆராய்ச்சி என்றாலே பெரிய மெஷின் என்று நினைத்திருந்தவன் நான். ஆனால் யோசித்தால், ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நானும் காற்றடித்துத்தானே எடுக்கிறேன்? சரி என்று தலையாட்டினேன்.

மனைவிக்கு வீசிங் உண்டு. அழுது அழுது மூச்சே இல்லை. ஊதப் போனவள் கேவினாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அத்தாதானே நீங்க? வாங்க. ஆனா புள்ள உங்கள நம்பி வாயத் தொறக்கணும். முரண்டு பண்ணா வேணாம்."

நம்பியா! நான் கிட்டே போனதுமே மகள் கட்டிலின் அந்தக் கோடிக்கு ஓடி, "இந்த ஆளு வேணாம்! ஃபோன் அத்தாதான் வேணும்!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்றே முடிவு செய்துவிட்டார் போல. அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

மனைவிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, வெளிய போயி ஃபோன் பண்ணுங்க."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, மனைவியின் ஃபோனுக்கு வீடியோ கால் போட்டேன். குவைத்திலிருந்து பேசுவது போலவே, "என்னடா தங்கம், அத்தாவுக்கு முத்தம் எங்க?" என்றேன். உள்ளே அழுகை நின்றது. திரையில் வாயை வைத்தாள். பேசிக்கொண்டே சீலையை விலக்கி நடந்தேன். நான் கிட்டே வர வர, மனைவி ஃபோனை மெல்லக் கீழே இறக்கினாள். பின்னால் அதே முகம், அதே தாடி.

மகள் ஃபோனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் ஃபோனைப் பார்த்தாள். "முத்தம் எங்கடா?" என்றேன். கையை நீட்டி என் தாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு அவளாகவே கிட்டே வந்தாள்.

"மெதுவா ஊதுங்க, உள்ள தடுக்கறது தெரிஞ்சதும் சுருக்குன்னு ஒரு ஊது" என்றார் டாக்டர். ஊதினேன். சோளம் சளியோடு பறந்து வந்து என் கன்னத்தில் அப்பிக்கொண்டது. வார்டில் ஒரே கைதட்டல். "அல்ஹம்துலில்லாஹ்! ஊதுனா வந்துரும்னு நாந்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் மச்சான்.

மகள் என் கன்னத்திலிருந்த சோளத்தை எடுத்துப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள். "அத்தா, இன்னொரு வாட்டி ஊது" என்றாள்.

நேரில் அவள் என்னை அத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமே இல்லாமல் அழுதேன். "அழாதீங்க சார், அதான் வந்துடுச்சே" என்று டாக்டர் சமாதானம் சொன்னார். பாவம், அவர் சோளத்தைச் சொன்னார்.

மறுபடி குவைத்துக்கு வந்துவிட்டேன். எங்கேயோ முகம் தெரியாத டாக்டர்கள் எழுதி வைத்ததில் மூக்கடைப்பைப் பற்றித்தான் இருந்திருக்கும். ஆனால் பிள்ளைக்கு அத்தாவாக இருக்க முகம் தெரிந்தால் போதாது, மூச்சு படுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான்.