ராத்தா கேட்ட மஹர்

வாப்பா எதையும் மாட்டேன் என்று நேரே சொல்லமாட்டார். சுற்றிவளைத்துப் பேசி, கேட்டவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிடுவார். சவளக்கடை வயல்களில் நெல் வாங்கிக் கல்முனைச் சந்தையில் அரிசியாக விற்றவருக்கு அது கைவந்த கலை. ராத்தாவிடம் மட்டும்தான் அது பலிக்கவில்லை.

ராத்தா என் மூத்த சகோதரி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் காலடி வைத்திருந்த சின்னப்பிள்ளை. அவள் உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். முகாம் கூடாரத்தில் இருந்து படித்துத்தான் பரீட்சை எழுதினாள். பொறியியல் பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளி மயிரிழையில் தவறிப்போனது. மறுபடி எழுதினாள். மறுபடியும் அதே மயிரிழை. சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், ஒருநாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேறொரு வழி இருக்கிறது என்றாள். பாடங்களை வீட்டில் இருந்தே படிக்கலாம், செய்முறை வகுப்புகளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போகவேண்டும். வருடங்கள் கூடப் பிடிக்கும். ஆனால் முடிவில் கிடைப்பது அதே பொறியியல் பட்டம்தான்.

யுத்தம் உக்கிரமாக நடந்த காலம் அது. பஸ்ஸில் குண்டு வெடித்தது என்று வானொலி சொல்லும். வழியெல்லாம் சோதனைச் சாவடி. அதில் கலியாணமாகாத பெண்ணைத் தனியே அனுப்புவதா? வாப்பா தன் பாணியில் பதில் சொன்னார்.

“கலியாணம் முடிச்சு, உன்ட மாப்புள கூட்டித்துப் போனா நான் ஏன் மகள் மறிக்கப்போறன்?”

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார்; வந்து அந்த வீட்டிலேயே குடியிருப்பார். ராத்தாவுக்கென்று வாப்பா கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்களுக்கு மிஞ்சியதெல்லாம், கடலுக்கு எட்டத்தில் வெளிநாட்டார் கட்டித் தந்த இரண்டு அறை வீடு. அதை நம்பி மாப்பிள்ளை வருவதே பெரும்பாடு. அவரைக் கொழும்புக்கும் அலைய வைப்பதென்றால் நடக்கிற காரியமா? வாப்பா நிம்மதியாக வெற்றிலை மடித்தார்.

“ஓம் வாப்பா. அப்ப மாப்புள பாருங்க” என்றாள் ராத்தா.

பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், ராத்தாவின் நிபந்தனையைக் கேட்டார்கள், போனார்கள். உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியாக வந்தவர்தான் மச்சான். கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். பேச்சுக் குறைவு. திரைக்குப் பின்னால் இருந்து ராத்தா தன் நிபந்தனையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பஸ்ஸிலயா போகணும்?”

“ஓம்.”

அவர் கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஓம் என்றார்.

காவின் என்னும் கலியாணப் பதிவு எழுதிய அன்று எங்கள் வீட்டு முன்னறை ஆண்களால் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய மஹர் என்னவென்று எழுத வந்தவர் கேட்டார். வீடும் வாசலும் பெண் வீட்டார் கொடுக்கிற ஊரில் மஹர் என்பது ஒப்புக்கு வாசிக்கிற ஒரு சிறு தொகை. வாப்பா வேறு வழியில்லாமல், ராத்தா கேட்டபடியே, படிப்பு முடியும்வரைக்கும் மகளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வருவதுதான் மஹர் என்றார். எழுத வந்தவர் பேனாவை மூடிவிட்டார். இப்படியொன்றைத் தான் எழுதியதேயில்லை என்றார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு வழக்கமான தொகையும் எழுதப்பட்டது, ராத்தா கேட்டதும் எழுதப்பட்டது. உம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்கோ பயம்.

காரணம் இருந்தது. மஹர் என்ற சொல்லை அதற்குமுன் நான் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் புருஷன் விட்டுவிட்டுப் போனபோது, “மஹரக் குடுத்துப்போட்டுப் போகச் சொல்லு” என்று பெண்கள் எல்லாரும் கத்தினார்கள். அவரும் கொடுத்தார். போனார். ஆகவே மஹர் கொடுத்து முடித்தால் மாப்பிள்ளை போய்விடுவார் என்று எனக்கு விளங்கியிருந்தது. ராத்தா பட்டம் வாங்கும் நாளில் மச்சான் மூட்டை கட்டிவிடுவார். இவ்வளவு படித்தவளுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

முதலில் அது ராத்தாவுக்காகப் பட்ட கவலையாகத்தான் இருந்தது. பிறகு எனக்கான கவலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு என்னைச் சைக்கிளில் கொண்டுபோய்விடுவது மச்சான்தான். கடற்கரை வீதியால் போனால் கிட்ட. ஆனால் அந்தப் பக்கம் திரும்பினாலே நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடிப்பேன். இரண்டாம் நாளில் இருந்து வயல் பக்கத்தால் சுற்றிப் போகத் தொடங்கினார். ஏனென்று கேட்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அவர் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. ராத்தா ஒரு பாடம் பாஸானாள் என்று வீட்டில் எல்லாரும் மகிழும்போது நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுவேன். சின்னவளுக்குப் பொறாமை என்று உம்மா சொல்வாள்.

ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். நிலத்தைப் பார்த்து அவர் ஏன் யோசித்தார் என்று அன்றுதான் தெரிந்தது. மச்சானுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. அம்பாறை தாண்டும் முன்பே புளிப்பு மணக்கும் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டார். மகியங்கனை வளைவுகளில் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தார். ராத்தா ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையில் பாடத்தை வைத்துப் படித்தாள்.

ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த ஆமிக்காரர் அப்படியே பின்னுக்கு நகர்ந்தார். உள்ளே ராத்தா செய்முறை வகுப்புக்காகச் செய்த பலகை இருந்தது. அதில் சிவப்பும் கறுப்புமாக வயர்கள், ஒரு பற்றரி.

“யார்ட பேக்?”

“என்ட” என்றார் மச்சான், ராத்தா வாய் திறக்கும் முன்பே.

ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேர் துவக்கை நீட்டினார்கள். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று அரைத் தமிழில் அதட்டினார்கள். வாந்தியெடுத்துக் களைத்த மனிதர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“மஹர் குடுக்கப் போறன் சேர்.”

மஹர் என்பது என்ன சாமானோ என்று அவர்கள் இன்னும் பயந்தார்கள். அவரை முழங்காலில் இருத்தினார்கள். ராத்தா மாணவர் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் என்னவோ சொல்லி, விடமாட்டோம் என்றவர்களிடம் மன்றாடி, அந்தப் பலகையைத் தொட்டாள். அதில் ஒரு குட்டி பல்ப் பச்சையாக எரிந்தது. அவ்வளவுதான் அது செய்யக்கூடியது. வயதான ஒரு ஆமிக்காரர் சிரித்துவிட்டார். திரும்பவும் பஸ்ஸில் ஏறியபோது ராத்தா அழுதாள். மச்சான் தேசிக்காயைத் தேடினார்.

யுத்தம் முடிந்தது. கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். தமிழ் ஆட்கள் இருக்கும் பாண்டிருப்புப் பக்கம் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. கொஞ்சநாளில் சாவடிகள் குறைந்தன, பஸ்ஸை நிறுத்தாமலே விட்டார்கள். ராத்தாவின் படிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்:

“இனிப் பயமில்ல. நான் தனியப் போவன். மிச்ச மஹர மாப்பாக்கிட்டன் உங்களுக்கு.”

மஹரை மன்னித்துவிடும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் கணக்குப் பார்த்தேன். பட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை, மஹர் இன்றே தீர்ந்துவிட்டது. இனி எந்த நேரமும் அவர் போகலாம். அவருக்கு இருந்தது ஒரே சோடிச் செருப்பு. அதை எடுத்து அரிசி மூடைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அடுத்த கொழும்புப் பயணத்தன்று விடியற்காலையில் ராத்தா பையோடு வாசலில் நின்றாள். மச்சானும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். செருப்பைத் தேடினார். வீடு முழுக்கத் தேடினார்.

“நீங்க நில்லுங்க, நான் போவன்” என்றாள் ராத்தா.

“பஸ் வந்துரும், நட” என்றார் மச்சான்.

வாப்பாவின் கிணற்றடிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அது அவருக்கு இரண்டு விரற்கடை பெரிது. இழுத்து இழுத்து நடந்து, ராத்தாவுக்கு முன்னே போய்ப் பஸ்ஸில் ஏறினார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்ட மஹரை எதற்காக ஒரு மனிதர் வாந்தியெடுத்துக்கொண்டு கொடுக்கப் போகிறார் என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மா என்னைப் பார்த்தாள். போய்ப் பல்லைத் தீட்டு என்றாள்.

மூன்றாம் நாள் அவர் முகம் வெளிறி, அதே பெரிய செருப்போடு திரும்பி வந்தார். செருப்பை நான் ஒளித்துவைத்ததால்தான் வந்தார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.