குப்பம்மாள் கையில் இல்லாத காயம்

1979இல் ஜவ்வாது மலையில் ஒரு வதந்தி ஜீப் ஏறிச் சுற்றியது. நெல்லிவாசல்நாட்டு மிஷன் விடுதிச் சமையல்காரி குப்பம்மாளின் தீக்காயம் எட்டே நாளில் தழும்பில்லாமல் ஆறிவிட்டதாம், ஜெபத்தின் மகிமையாம். ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்குவதற்குள் அந்தக் கை துண்டாகி ஒட்டியிருந்தது. நிஜமா என்று விசாரிக்கப் போனால், குப்பம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"காயம் இருந்தாத்தானே ஆறுறதுக்கு?"

மகள் அம்மை கண்டபோது பிழைக்க வேண்டிக்கொண்டபடி, குப்பம்மாள் மாரியம்மன் திருவிழாவுக்கு மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தாள். அந்த மஞ்சள் கயிற்றை எட்டாம் நாள் பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். கணியம்பாடிக்காரரான வார்டன் லாசர் நல்லவர். விசுவாசம் மட்டும் கொஞ்சம் கெட்டி.

"கர்த்தரோட அடுப்படியில அது வேணாம்மா. அறுத்துட்டு வா. இல்லன்னா வேலைய வுட்டு நின்னுக்கோ."

புருஷனில்லாத வீட்டுக்கு அந்த வேலைதான் சோறு. அறுத்தால் மகளுக்கு என்னாகுமோ! சாமிக்காக ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தலாமா என்று சட்டத்தைக் கேட்க வேலூர் போக வேண்டும். கயிறு எட்டு நாள், வழக்கு எட்டு வருஷம்.

விடுதி நர்ஸ் மார்த்தாள் ஒரு ஞாயிறும் ஆராதனை தவறாதவள். கயிறு தெரியாமல் மேலே சுற்றிச் சுற்றிக் கட்டுப் போட்டாள்.

"இன்னாக்கா, பொய்க்கட்டு கட்றியே, ஒங்க சாமி கோச்சுக்காதா?"

"அத்த நான் பேசிக்கிறேன். கேட்டா, கொள்ளிக்கட்ட சுட்டுச்சின்னு சொல்லு."

சொன்னாள். லாசர் நம்பிவிட்டார். தன் சொல் கேட்டுக் கயிற்றை அறுத்துவிட்டவளுக்கு அதே இடத்தில் சுட்டுவிட்டதே என்று இளகியும் போனார். தினம் மாலையில் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி, குப்பம்மாளின் மணிக்கட்டுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார். ஒருநாள் அவர் குரல் உடைந்தது. தன் பெயரைச் சொல்லி யாரும் எந்தச் சாமியிடமும் அப்படிக் கேட்டதில்லையே என்று கதவோரம் நின்று அழுதாள் குப்பம்மாள்.

எட்டாம் நாள் பூசாரி கயிற்றை அவிழ்த்துவிட, ஒன்பதாம் நாள் கட்டில்லாத கையோடு வந்தாள். வேலை தப்பியது.

"தழும்புகூட இல்லியேம்மா!" என்று பூரித்தார் லாசர்.

"ஒங்க ஜெபங்கய்யா" என்று வாய் தவறி வந்துவிட்டது. வதந்தி அங்கே பிறந்தது.

"எட்டு நாள் எனக்காக முட்டி போட்டாருங்க. பதிலுக்கு ஒடுகத்தூர் கோயில்ல அவுரு பேர்ல ஒரு அர்ச்சன பண்ணணும். ஐயரு நட்சத்திரம் கேப்பாரே" என்றாள் விசாரிக்கப் போன என்னிடம், களியைக் கிண்டியபடி.

"லாசரையே கேட்டால்?" என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாருல்ல?"

களி அடிப்பிடித்தது, துடுப்பைப் போட்டுத் துழாவினாள். அர்ச்சனை இன்னும் பாக்கி.